பள்ளி மூடிய நாளின் கூலி

இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு வழக்கமாக ஆண்டுக்கு 190 நாள் வகுப்பு. அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு 195 நாள் வேலை. இடையில் நிற்கும் ஐந்து நாளுக்கு 'இன்செட் டே' என்று பெயர். அன்று ஆசிரியர்கள் பள்ளிக்குள் பயிற்சியில் இருப்பார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. அந்தப் பிள்ளைகள் அன்று எங்கே இருப்பார்கள், யார் பார்த்துக்கொள்வார்கள், அதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்பதைப் பற்றி அரசு வாய் திறப்பதில்லை.

வேலைக்குப் போகும் பெற்றோர் பலருக்கு விடை தெரியும். பிள்ளை சைல்ட்மைண்டர் வீட்டில் இருக்கும். சைல்ட்மைண்டர் என்பவர் பிறர் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துக் காசுக்குப் பார்த்துக்கொள்பவர். அநேகமாக எல்லோருமே பெண்கள். எட்டு வயது நிரம்பாத பிள்ளையை நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் காசுக்குப் பார்ப்பதென்றால் அரசின் ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டிலோ, அதற்கென உள்ள முகமையிலோ பதிவு செய்திருக்க வேண்டும். ஆஃப்ஸ்டெட்டில் பதிந்தவர் வீட்டுக்குச் சோதனைக்கு வருவார்கள், அறிக்கை எழுதுவார்கள், அதை ஊரறிய வெளியிடுவார்கள். இவர்களில் ஒரு பகுதியினர் பள்ளி நடக்கும் வாரங்களில் மட்டும் வேலை செய்வதாக ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். இன்செட் நாள் வந்ததும் தகராறு தொடங்குவது இவர்களிடம்தான். அன்று வேலை உண்டா, இல்லையா? உண்டென்றால் எவ்வளவு? பிள்ளையை அனுப்பாவிட்டாலும் காசு கொடுக்க வேண்டுமா?

காசு கேட்கும் சைல்ட்மைண்டரைப் பேராசைக்காரி என்று பேசுகிறவர்கள் உண்டு. கேட்கத் தயங்குகிற சைல்ட்மைண்டரைத் தங்கமான மனுஷி என்று பாராட்டுகிறவர்கள் அதைவிட அதிகம். அந்தப் பாராட்டைத்தான் நான் எதிர்க்கிறேன். கேட்காமல் விடுவது அவர் தனக்குத் தானே செய்துகொள்ளும் அநியாயம். கேட்கவிடாமல் செய்வது நாம் அவருக்குச் செய்யும் அநியாயம்.

முதலில் இந்த ஐந்து நாள் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1980களின் நடுவில் பிரிட்டனில் ஆசிரியர் சங்கங்கள் சம்பளத்துக்காக நீண்ட போராட்டம் நடத்தின. தாட்சர் அரசு 1987இல் ஆசிரியர்களின் சம்பளத்தையும் வேலை விதிகளையும் தானே நிர்ணயிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி ஆண்டுக்கு 195 நாள், 1265 மணி நேரம் வேலை. அந்த 195இல் ஐந்து நாள் வகுப்பு இல்லாத நாள். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் கென்னத் பேக்கர். பழைய ஆசிரியர்கள் இன்றும் அந்த நாள்களை 'பேக்கர் டே' என்றுதான் சொல்வார்கள். ஆக, பிள்ளைகளின் படிப்பு நாளில் இருந்து ஐந்தைப் பள்ளிகள் திருடிக்கொண்டன என்று பெற்றோர் பேசுவதில் உண்மை இல்லை. பிள்ளையின் 190 அப்படியே இருக்கிறது. ஆசிரியர்கள் சோம்பேறித்தனத்துக்காகப் பள்ளியை மூடுகிறார்கள் என்பதும் பொய். பயிற்சி வேண்டும். பிள்ளையிடம் தெரியும் காயத்தை எப்படிப் பார்ப்பது, யாரிடம் சொல்வது என்று ஆசிரியருக்குக் கற்றுத்தரத்தான் வேண்டும். அதற்கு வார நாளில், சம்பளத்தோடு நேரம் ஒதுக்கியதில் தவறு எதுவும் இல்லை.

தவறு வேறு இடத்தில் இருக்கிறது. பயிற்சிக்கு நாள் ஒதுக்கிய அரசு, அந்த நாளில் பிள்ளையைப் பார்க்கும் செலவை எங்கேயும் எழுதவில்லை. கணக்கில் எழுதாத செலவு இல்லாமல் போய்விடுவதில்லை, யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. பெற்றோர் தலையில் விழுகிறது. பெற்றோர் அதைச் சைல்ட்மைண்டர் தலைக்கு மாற்றப் பார்க்கிறார்கள். அவருக்குக் கீழே மாற்றிவிட ஆள் இல்லை.

பெற்றோருக்கு என்ன வழி இருக்கிறது என்று பாருங்கள். முழுநேர வேலை செய்பவருக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 28 நாள் விடுப்பு, பொது விடுமுறையும் அதிலேயே அடக்கம் என்று முதலாளி சொல்லலாம். பள்ளி விடுமுறையோ 13 வாரம். தாயும் தகப்பனும் மாறி மாறி எடுத்தாலும் போதாது. குடும்பத்தில் திடீர் நெருக்கடி வந்தால் சம்பளமில்லா விடுப்பு எடுக்கும் உரிமை உண்டு. ஆனால் செப்டம்பரிலேயே நாட்காட்டியில் அச்சடித்த இன்செட் நாளைத் திடீர் நெருக்கடி என்று எந்த மேலாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். பிள்ளை வளர்ப்புக்கென 18 வாரம் சம்பளமில்லா விடுப்பு இருக்கிறது. அதையும் மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் பெற்றோர் தவிர மற்றவர்கள் பொதுவாக முழு வாரமாகத்தான் எடுக்க முடியும். ஒரே ஒரு திங்கட்கிழமைக்கு அந்தச் சட்டத்தில் இடம் இல்லை.

இன்னொன்று. இன்செட் நாளை நாடு முழுவதற்கும் ஒன்றாக வைக்கவில்லை. பெரும்பாலும் ஒவ்வொரு பள்ளியும் தானே தேர்ந்தெடுக்கிறது. அண்ணன் ஒரு பள்ளியிலும் தங்கை இன்னொன்றிலும் இருந்தால் ஒரே வீட்டுக்கு ஆண்டில் பத்து நாள் ஆகிவிடலாம்.

இப்போது ஒப்பந்தத்துக்கு வருவோம். 'டேர்ம் டைம் ஒன்லி', அதாவது பள்ளி நடக்கும் வாரங்களில் மட்டும், என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அது எத்தனை வாரம்? பிள்ளையின் 190 நாளை ஐந்தால் வகுத்தால் 38 வாரம். ஆசிரியரின் 195 நாளை வகுத்தால் 39 வாரம். பள்ளி சேராத சின்னப் பிள்ளைகளுக்கு அரசு தரும் இலவசப் பராமரிப்பு மணிகளும் 38 வாரக் கணக்கில்தான் வருகின்றன. தகராறு முழுவதும் அந்த ஒரு வாரத்தில் இருக்கிறது. 38 என்று எழுதினால் இன்செட் நாள் வெளியே. 39 என்று எழுதினால் உள்ளே. பலர் எண்ணையே எழுதுவதில்லை. இந்த டேர்ம் டைம் ஒப்பந்தத்தை விரும்பிக் கேட்பவர்களில் ஆசிரியர்களே நிறைய. இன்செட் நாளில் ஆசிரியை வேலைக்குப் போயே ஆக வேண்டும். தன் பள்ளியின் இன்செட் நாளுக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டால், 38 வாரக்காரர் 'இது டேர்ம் டைம் இல்லையே' என்கிறார். இருவரும் நேர்மையானவர்கள். இருவரும் ஒரே காகிதத்தில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் எழுதாத இடத்தை உறவு நிரப்புகிறது. லண்டனின் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் தமிழ்க் குடும்பங்களுக்குள் இந்தப் பேச்சு இப்படித்தான் நடக்கும்:

"அக்கா, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. காலமையே கொண்டுவந்து விடட்டே? வழமையான காசுதானே?"

"முழு நாள் எல்லே, தங்கச்சி..."

"உங்கட வீட்டில ஏற்கெனவே சின்னப் பிள்ளையள் நிக்கினம்தானே. இவனும் ஒரு பக்கத்தில விளையாடிக்கொண்டு இருப்பான்."

அந்த அக்கா அதற்கு மேல் பேச மாட்டார். கோயிலில் பார்க்க வேண்டிய முகம், கல்யாண வீட்டில் பார்க்க வேண்டிய முகம். ஆங்கிலேயக் குடும்பங்களில் அக்கா, தங்கச்சி என்ற விளி இல்லாவிட்டாலும் இதே மௌனம் இருக்கிறது. பெண் செய்யும் பராமரிப்பு வேலைக்கு விலை பேசுவது அசிங்கம் என்ற நம்பிக்கைக்கு மொழி வேறுபாடு கிடையாது.

'ஒரு பக்கத்தில் விளையாடிக்கொண்டு இருப்பான்' என்ற வாக்கியத்தை அந்த வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். சைல்ட்மைண்டர் ஒருவர் எட்டு வயதுக்குட்பட்ட ஆறு பேரைத்தான் ஒரே நேரத்தில் பார்க்கலாம். அவர்களில் பள்ளி வயதுக்குக் கீழ் மூவர். அந்த மூவரில் ஒரு வயது நிரம்பாதது பொதுவாக ஒன்றே ஒன்று. பத்து மாதக் குழந்தை தவழ்கிறது. இரண்டு வயதுக்காரி கழிப்பறைப் பழக்கத்தில் இருக்கிறாள். மூன்று வயதுக்காரனுக்கு இன்று மூக்கு ஒழுகுகிறது. இவர்களோடு ஏழு வயதுப் பையன் வந்து உட்கார்கிறான், கையில் லெகோ பெட்டி. அந்தக் கணத்தில் இருந்து தரை முழுவதும் குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடிய துண்டுகள். பையனை மேசைக்கு ஏற்றிவிட வேண்டும். மேசைக்கு ஏற்றினால் இரண்டு வயதுக்காரியும் ஏற வேண்டும் என்று அழுவாள். திங்கட்கிழமை காலை தேவாலய மண்டபத்தில் நடக்கும் குழந்தைகள் குழுவுக்குப் போக முடியாது, அங்கே ஏழு வயதுக்காரனுக்கு எதுவும் இல்லை. குழந்தை பதினொன்றரைக்குத் தூங்கும். பையனுக்குப் பன்னிரண்டுக்குப் பசிக்கும். இதற்கிடையே இன்னொரு பள்ளி திறந்திருக்கிறது. அந்தப் பள்ளிப் பிள்ளையை எட்டே முக்காலுக்கு விட வேண்டும், மூன்றே காலுக்கு எடுக்க வேண்டும். ஆகவே தள்ளுவண்டியில் ஒன்று, பக்கத்து இருக்கையில் ஒன்று, கைப்பிடியைப் பிடித்தபடி ஒன்று, இவர்களோடு தன் பள்ளி மூடியிருக்கும் பையனும் அடுத்தவன் பள்ளி வாசல் வரை மழையில் இரண்டு முறை நடக்கிறான்.

இதைச் சும்மா இருக்கிறவரிடம் ஒரு பிள்ளையைக் கூடுதலாக விட்டுவிட்டு வருவது என்று எண்ணுவது அறிவுக்குப் பொருந்துமா?

காசுக் கணக்கைப் போட்டுவிடுவோம். பேச்சுக்காக மணிக்கு ஆறு பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான நாளில் காலை ஒரு மணி நேரம், மாலை இரண்டரை: 21 பவுண்டு. இன்செட் நாளில் பத்து மணி நேரம்: 60 பவுண்டு. தாய்க்கு அந்த 39 பவுண்டு உறைக்கிறது. உறைக்கத்தான் செய்யும். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸாக இருந்தது. அந்தக் கணக்கில், எட்டு மணி நேரம் கடையில் நிற்கும் தாய்க்குப் பிடித்தம் போவதற்கு முன் 97 பவுண்டு 68 பென்ஸ். இரண்டு பிள்ளை என்றால் சைல்ட்மைண்டர் கட்டணம் 120. வரியில்லாப் பராமரிப்புத் திட்டத்தில் நாம் எட்டுப் பவுண்டு போட்டால் அரசு இரண்டு போடும் என்பதால் கையில் இருந்து போவது 96. பேருந்துச் செலவையும் சேர்த்தால் அன்று வேலைக்குப் போவதே நட்டம். இந்தத் தாயின் கோபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. கோபம் போக வேண்டிய முகவரி மாறிவிட்டது என்கிறேன்.

ஆறு பிள்ளையை ஆறு பவுண்டால் பெருக்கி 36 என்று சொல்லி, சைல்ட்மைண்டருக்கு மணிக்கு இவ்வளவா என்று கண் விரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆறு இடமும் நாள் முழுக்க நிரம்பும் நாள் அபூர்வம். பள்ளி நேரத்தில் சின்னவர்கள் மட்டுமே. அவர்களில் சிலருக்கு அரசின் இலவச மணி, அதற்கு உள்ளாட்சி மன்றம் தருவதே விலை. சாப்பாடு, காப்பீடு, வீட்டைச் சூடாக வைக்கும் எரிவாயு, தேயும் கம்பளம், உடையும் தள்ளுவண்டி எல்லாம் அவர் பையில் இருந்து. சுயதொழில் செய்பவர் என்பதால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவருக்கு இல்லை, காய்ச்சலில் படுத்தால் காசு இல்லை, பள்ளி விடுமுறை 13 வாரமும் டேர்ம் டைம்காரருக்கு வருமானம் இல்லை. இங்கிலாந்தில் 2012இல் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருந்த சைல்ட்மைண்டர்கள் இன்று அதில் ஏறக்குறையப் பாதிதான். கொழுத்த வருமானம் வரும் தொழிலை விட்டு யாரும் இப்படி வெளியேறுவதில்லை.

சரி, பிள்ளையை அனுப்பவில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன். அன்றைக்கும் அந்த 21 பவுண்டு கொடுக்க வேண்டுமா? சைல்ட்மைண்டர் அன்று வீட்டைத் திறந்து வைத்து, அந்தப் பிள்ளைக்கான இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் இருந்தால், கொடுக்கத்தான் வேண்டும். ஊருக்குப் போயிருந்த மாதத்துக்கு வீட்டு வாடகை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. வீட்டுக்காரரிடம் வராத சந்தேகம் சைல்ட்மைண்டரிடம் மட்டும் ஏன் வருகிறது? வீடு சொத்து, அதற்கு விலை உண்டு. பெண்ணின் நேரம் சொத்தாகத் தெரியவில்லை. அவள் வீட்டில்தான் இருக்கிறாள், பிள்ளைகள் என்றால் அவளுக்குப் பிரியம், பிரியத்துக்குக் காசு எதற்கு என்ற ஓட்டம்தான் உள்ளே இருக்கிறது. பிரியம் அவளுக்கு இருக்கலாம். மருத்துவருக்கும் நோயாளிமேல் பரிவு இருக்கலாம். அதற்காக யாரும் அவர் சம்பளத்தைக் குறைப்பதில்லை. தாய்மை, தொண்டு, தியாகம் என்று பூச்சூட்டிப் பெண் உழைப்பை இலவசமாக்குகிற வழக்கத்தைப் பழைய சாத்திரம் செய்தால் எதிர்க்கிறோம். ஆஃப்ஸ்டெட் சான்றிதழ் மாட்டிய வீட்டில் அதே வழக்கத்தை நாமே நடத்துகிறோம்.

இதை யோசிக்க வைக்கும் ஒரு செய்தி 2009இல் வந்தது. பகுதிநேர வேலை பார்த்த இரண்டு பெண் காவல் அதிகாரிகள், தோழிகள், ஒருவர் பிள்ளையை மற்றவர் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பணம் கைமாறவில்லை. ஆஃப்ஸ்டெட் அது பதிவில்லாத சைல்ட்மைண்டிங் என்றது. இலவசமாகக் கிடைத்த அந்த நேரமே கூலிக்குச் சமம் என்பது அதன் வாதம். நாடே கொதித்தது, அமைச்சர்கள் தலையிட்டார்கள், தோழிகள் இப்படிப் பார்த்துக்கொள்வதற்கு விலக்கும் வந்தது. விலக்கு சரிதான். ஆனால் ஆஃப்ஸ்டெட் அன்று வைத்த வாதத்தை இன்றைக்கும் எடுத்துப் பாருங்கள். தடை செய்ய வந்தபோது பிள்ளை பார்க்கும் நேரத்துக்குப் பண மதிப்பு உண்டு என்று அரசுக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. இன்செட் நாளுக்குக் கொடுக்க வேண்டி வரும்போது மட்டும் அது தெரியாமல் போகிறது.

ஆசிரியரின் பயிற்சிக்காகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாரே, அந்தச் சைல்ட்மைண்டரின் சொந்தப் பயிற்சி எப்போது நடக்கிறது? குழந்தைகளுக்கான முதலுதவிச் சான்றிதழ் அவருக்குக் கட்டாயம். பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிள்ளைப் பாதுகாப்புப் பயிற்சியும் வேண்டும். வார நாளில் வீட்டை மூடினால் பெற்றோர் முகம் சுளிப்பார்கள், வருமானமும் போகும். ஆகவே சனிக்கிழமை போகிறார், இரவில் கணினி முன் உட்கார்கிறார். பெரும்பாலும் சொந்தக் காசில், சம்பளமின்றி. ஒருவருக்குப் பயிற்சி வேலை நேரத்தில் சம்பளத்தோடு. அவருடைய பயிற்சி நாளைத் தன் உழைப்பால் தாங்குகிறவருக்குப் பயிற்சி ஓய்வு நாளில் செலவோடு. இரண்டு பேரும் பிள்ளைகளைத்தான் பார்க்கிறார்கள். இந்த வேறுபாட்டுக்கு நியாயம் சொல்ல யாராவது முன்வர வேண்டும். நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

சைல்ட்மைண்டர்கள் செய்வதெல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளையின் இடத்தைப் பிடித்து வைக்க ஒரு பெற்றோரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு, அதே நாளில் அதே இடத்தை இன்னொருவருக்கு விற்பவர் ஏமாற்றுகிறார். தன் சொந்தப் பிள்ளையின் பள்ளிக்கும் அன்று இன்செட் என்பதால் வீட்டை மூடிவிட்டு, மற்றவர்களிடம் வழக்கமான காசையும் வாங்குபவர் உழைக்காமல் வாங்குகிறார். வீடு மூடினால் கட்டணம் இல்லை. அதில் பேச்சுக்கே இடமில்லை. ஜூன் மாதத்து இன்செட் நாளுக்கு நான் திறக்க மாட்டேன் என்பதை ஜூன் மாதத்தில் சொல்பவரும் பெற்றோரைச் சங்கடத்தில் தள்ளுகிறார். தன் நேரத்துக்கு மதிப்புக் கேட்பவர் அடுத்தவர் நேரத்தையும் மதிக்க வேண்டும்.

பள்ளிகளுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. சில பள்ளிகள் இன்செட் பயிற்சியை மாலை நேரங்களில் இரண்டு மூன்று மணியாகப் பிரித்து நடத்தி முடித்துவிட்டு, அதற்கு ஈடாக ஒரு முழு நாள் பள்ளியை மூடுகின்றன. பெரும்பாலும் விடுமுறைக்கு முன்னோ பின்னோ ஒட்டி வரும்படி. ஆசிரியர் செய்த வேலைக்குத்தான் அந்த ஓய்வு. அதில் குறை இல்லை. ஆனால் அந்த நாளில் பள்ளிக் கட்டடம் காலியாக நிற்கிறது. விளையாட்டு மைதானம், சமையலறை, கூடம் எல்லாம் பூட்டிக் கிடக்க, அதே தெருவில் ஒரு சிறிய வீட்டுச் சமையலறையில் ஆறு பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். மறுபுறம், பள்ளியின் அனுமதியின்றிப் பெற்றோர் பிள்ளையை ஐந்து நாள் நிறுத்திவிட்டால், பெற்றோர் ஒவ்வொருவருக்கும் பிள்ளைக்கு 80 பவுண்டு என்று அபராதம் போடலாம். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. பிள்ளையின் ஒவ்வொரு நாளுக்கும் விலை தெரிந்த அரசு இது.

ஆகவே அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். ஆசிரியர் பயிற்சிக்கு ஐந்து நாள் வேண்டுமானால் அந்த ஐந்து நாளின் பிள்ளைப் பராமரிப்பும் பயிற்சிச் செலவின் பகுதி. ஒரு பகுதியில் உள்ள பள்ளிகள் எல்லாம் ஒரே நாளில் இன்செட் வைக்கலாம். அன்று ஒரு பள்ளிக் கூடத்தையாவது திறந்து, ஊதியம் கொடுத்து ஆள் வைத்துப் பிள்ளைகளைப் பார்க்கலாம். அல்லது பதிவு பெற்ற சைல்ட்மைண்டருக்கு அந்த ஐந்து நாளுக்கான மணிகளை இலவச மணிக் கணக்கில் சேர்த்துக் கொடுக்கலாம். பள்ளி ஆளுநர் குழுவில் பெற்றோர் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். இந்தக் கோரிக்கையை அங்கே வைக்க யாரும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

அது நடக்கும்வரை, சைல்ட்மைண்டர் வீட்டில் பிள்ளையை விடும் ஒவ்வொருவரும் செப்டம்பரில் பள்ளி தரும் தேதித் தாளை எடுத்துக்கொண்டு போய் அவரோடு உட்காருங்கள். ஒப்பந்தம் 38 வாரமா 39 வாரமா என்பதை எழுதுங்கள். ஐந்து தேதிக்கும் நேரே வருகிறான், வரமாட்டான் என்று எழுதுங்கள். வருகிறான் என்றால் முழு நாள் காசு, வரமாட்டான் என்றால் பிடித்து வைத்த இடத்துக்கான காசு, வீடு மூடினால் காசு இல்லை. காசுப் பேச்சை அவரே தொடங்கட்டும் என்று விடாமல் நீங்களே முதலில் கேளுங்கள். "அக்கா, அந்த நாளுக்கு எவ்வளவு?" என்று கேட்டு, அவர் "பரவாயில்லை" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.